ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்காதீர்கள்: புகைத்தல் தடுப்பு அதிகாரிகளுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வன்னியின் கிராமங்களில் புகைத்தல் தடுப்பு வேலைகளைத் திட்டமிட்டு நடத்தும் சுகாதார அதிகாரிகளுக்கும் கள உத்தியோகத்தர்களுக்கும்,

புகையிலை எதிர்ப்புத் தினமான மே 31 அன்று எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் உங்கள் துறையினர் நடத்திய கூட்டத்தில் 34 ஆண்களின் பெயர்கள் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. பெயர் வாசிக்கப்பட்டவர்கள் முன்னால் வந்து, இனிப் புகைப்பதில்லை என்று கைநீட்டிச் சத்தியம் செய்து, ஒரு தாளில் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள். வராதவர்களின் பெயர் குறித்து வைக்கப்படும் என்றும், உதவித் திட்டங்களுக்குச் சிபாரிசு கேட்டு வரும்போது அது பார்க்கப்படும் என்றும் சொன்னார்கள்.

அந்தப் பட்டியலை எடுக்க உதவியவர்களில் நானும் ஒருவன். கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்பதால் ஏப்ரல் மாதத்தில் கள உத்தியோகத்தரோடு வீடு வீடாகப் போனேன். "புள்ளிவிபரத்துக்கு மட்டும்தான்" என்று அவர் சொன்னார். நானும் படலைக்குப் படலை அதையே சொன்னேன். சனம் அவருடைய கோப்பைப் பார்த்து உண்மை சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அந்த முகத்தோடு இப்போது நான் தெருவில் நடக்கவேண்டியிருக்கிறது. ஆகவேதான் இந்த மடல்.

புகை கெடுதல் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வழக்கு இல்லை. 19 வயதில் தொடங்கி 29 வருடம் பீடி பத்தியவன் நான். விட்டு நாலரை வருடமாகிறது. என் ஐயா சுருட்டுக் குடித்துக் குடித்து, கடைசி இரண்டு வருடமும் படுக்கமுடியாமல் கதிரையில் இருந்தபடியே மூச்சுக்குப் போராடிப் போனவர். புகையிலையை விடாமல் பாவிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை அது கொல்லும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நம்ப எனக்கு எந்தப் படமும் தேவையில்லை. நீங்கள் சொல்வது சரி. சொல்லும் விதத்தால் எங்கள் ஊரில் என்ன நடந்திருக்கிறது என்பதை மட்டும் கேளுங்கள்.

ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பது வேறு ஊர்களில் வெறும் அறிவித்தலாக இருக்கலாம். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த சனத்துக்கு அது அப்படி இல்லை. "இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் வந்து பதியுங்கோ" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்ட குரலைக் கேட்டுப் போனவர்களில் பலர் இன்றுவரை வீட்டுக்கு வரவில்லை. பட்டியல், பெயர், கையெழுத்து: இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் வயதுக்காரருக்கு உள்ளங்கை வியர்க்கும். அதுவும் மே 18இல் போரில் செத்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்து இரண்டு கிழமை முடியாத நாளில். இதை யோசித்துப் பார்க்க உங்கள் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லையா?

ஒன்பதாவதாக வாசிக்கப்பட்ட பெயர், எங்கள் தெருவில் எல்லோரும் பெரியப்பா என்று கூப்பிடும் ஒருவருடையது. வயது 71. அந்தப் பாலத்தடியில் மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்தவர். அவர் எழுந்தார். மேடைப் பக்கம் போகவில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போய், மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து, மண்டபத்தைப் பார்த்தபடி நின்று பற்றவைத்தார். ஒலிவாங்கியில் இருந்தவர், "பாருங்கோ, இதுதான் எங்கட ஆக்களின்ர திமிர்" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு அவர் சுருட்டுத் தொடாமல் 16 நாள். மே 18ஐயும் சுருட்டில்லாமல் தாண்டியவர். மடியில் இருந்த அந்த ஒன்றை அவர் வேண்டுமென்றே வைத்திருந்தார். "கையில இல்லாமல் விடுறது என்ன விடுறது? மடியில கிடக்க வேணும், நான் தொடப்படாது. அப்பதான் அது என்ர முடிவு" என்று வாய்க்கால் கட்டில் இருந்து எனக்குச் சொன்னார். நாங்கள் ஐந்து பேர் மாலையில் அங்கே கூடி, ஒவ்வொருவராக விட முயன்றுகொண்டிருந்தோம். நான் முன்பே விட்டவன், மற்றவர்களுக்குத் துணையாக இருந்தேன். கூட்டம் முடிந்து இரண்டு கிழமைக்குள் அந்த நால்வரில் மூன்று பேர் திரும்பப் பத்தத் தொடங்கிவிட்டார்கள். பெரியப்பா அதில் ஒருவர்.

பட்டியலில் இருந்த இன்னொருவருக்கு நாட்பட்ட சுவாச நோய். மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போய் இழுப்புக்கு மருந்து எடுப்பவர். ஜூன் மாதம் போகவில்லை. கேட்டதற்கு, "அங்கையும் பேர் இருக்கும்" என்றார். புகைத்தலைத் தடுக்க எடுத்த பட்டியல் ஒரு நோயாளியை மருந்திலிருந்து தடுத்துவிட்டது.

திரையில் நீங்கள் காட்டிய படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அழுகிப்போன ஒரு கால் பெரிதாக வந்தது. அந்த நேரம் மூன்றாவது வரிசையில், 2009இல் மாத்தளனில் எறிகணை விழுந்து முழங்காலுக்குக் கீழே இழந்த ஒருவர், பொய்க்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சூட்டுக்கு அது உரசும், அதனால் கழற்றுவார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, தன் பொய்க்காலின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2012இல் அந்தப் படங்களைக் கட்டாயமாக்க ஒழுங்குவிதி வந்தபோது சிகரெட் கம்பனி நீதிமன்றம் போனதும், 2014இல் நீதிமன்றம் படத்தைப் பெட்டியின் 50 முதல் 60 வீத அளவில் நிறுத்தியதும், 2015இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 வீதமாக்கியதும் எனக்குத் தெரியும். அந்தச் சண்டை பிடித்தவர்களை மதிக்கிறேன். ஆனால் பயம் மட்டும் காட்டி வழி காட்டாமல் விட்டால் மனிதன் பயத்தைத்தான் தள்ளிவைப்பான், பழக்கத்தை அல்ல. பயத்தோடு வாழப் பழகிய சனத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

நான் ஏன் 29 வருடம் பத்தினேன் என்று நானே பல நாள் யோசித்திருக்கிறேன். தொடக்கத்தில் வயற்காவல். காலபோகம் கதிர் தள்ளும் காலத்தில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பரணில் விடிய விடிய இருக்கவேண்டும். நித்திரை முறிக்கப் பீடி. பிறகு இடப்பெயர்வு. புதுக்குடியிருப்பு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். எப்போது எழும்புவது, எந்தப் பக்கம் ஓடுவது, எதைத் தூக்குவது, யாரை விட்டுவிட்டுப் போவது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவெடுத்தார்கள். அதன்பிறகு இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாம். தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. முகாமை விட்டு வைத்தியசாலைக்குப் போகப் பாஸ். அந்தக் கம்பி வேலிக்குள் ஒரு நாளில் நானாக நினைத்து நானாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: அந்திக்குக் கூடாரத்துக்குப் பின்னால் குந்தியிருந்து பீடி பற்றவைத்தது. அது என் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது, தெரியும். ஆனாலும் அது என்னுடையதாக இருந்தது. உங்கள் கூட்டத்தில் இருந்த பாதிப் பேரின் கையில் இருக்கும் பீடி இந்த மாதிரிப் பீடி. அதைப் பறிக்க வரும் கை யாருடையது என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சி பெறும் என் மகள், நடந்ததைக் கேட்டுவிட்டு, தான் படித்ததைச் சொன்னாள். 1966இலேயே ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை எழுதிவைத்திருக்கிறாராம். தன் சுதந்திரம் பறிபோகிறது என்று உணரும் மனிதன், எதை விடச் சொல்கிறார்களோ அதையே இன்னும் இறுக்கிப் பிடிப்பான் என்று. வில்லியம் மில்லர் என்ற இன்னொருவர் குடிப்பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்தவர். 1993இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து நின்று குற்றம் காட்டிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அந்த ஆள் ஒரு வருடம் கழித்தும் அதிகமாகக் குடித்தார் என்று கண்டிருக்கிறார்கள். புகைத்தலிலும் பார்த்திருக்கிறார்கள். ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புகைப்பவர்களை, உடனே விடும் எண்ணம் இல்லாதவர்களையும் சேர்த்து, ஆய்வுக்கு எடுத்தார்கள். நெருக்காமல், அவர்களுடைய முடிவை அவர்களிடமே விட்டு, கேட்ட உதவியைக் கொடுத்துப் பேசிய பக்கத்தில்தான் கூடுதலானோர் விட்டார்கள் என்று 2006இல் முடிவு வெளியானது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் பயிற்சிப் பாடங்களில் இருப்பதுதான். கிராமத்துக்கு வரும் வழியில் எங்கே விழுந்துபோகிறது என்பதுதான் என் கேள்வி.

ஆய்வை விடுங்கள். நான் எப்படி விட்டேன் என்று சொல்கிறேன். சலரோகக் கிளினிக்கில் புதிதாக வந்த ஒரு பிள்ளை, வைத்தியர், கொப்பியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தா. வழக்கமான ஏச்சு வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ கேட்டது, "ஐயா, பீடி உங்களுக்கு என்ன குடுக்குது?" 29 வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பரணைச் சொன்னேன், முகாமைச் சொன்னேன். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவ அவசரப்படுத்தவில்லை. பிறகு, "அது எடுக்கிறது என்ன?" என்று கேட்டா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். என் மனைவிக்கு இழுப்பு. நான் பத்திவிட்டு உள்ளே வந்தால் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே அடைத்தது. "விடுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். விடுறதெண்டால் எப்ப, எப்பிடி எண்டு நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் உதவி செய்யிறன்" என்றா.

வயல் வெட்டி முடிந்த மறுநாளை நான் தெரிந்தெடுத்தேன், காவல் இரவுகள் முடிந்துவிடும் என்பதால். முதல் மூன்று நாள் தலையிடி, கோபம், கை நடுக்கம். அவ முன்கூட்டியே சொல்லியிருந்தா, அதனால் பயப்படவில்லை. ஒன்பதாவது நாள் ஒரு செத்தவீடு. வெற்றிலைத் தட்டத்தில் சுருட்டும் பீடியும் வந்தது. எடுத்துவிட்டேன், ஒன்றல்ல, அன்றிரவு ஏழு. அடுத்த கிளினிக்குக்குப் போக வெட்கப்பட்டு ஒரு கிழமை பிந்திப் போனேன். "ஒன்பது நாள் இருந்திருக்கிறியள், என்ன உதவிச்சுது?" என்றுதான் கேட்டா. இரண்டாவது தடவை விட்டது விட்டதுதான். செத்தவீட்டில் தட்டம் வரும்போது நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவேன். அந்த உபாயத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். அதனால்தான் இன்றைக்கும் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த வைத்தியர் இடமாற்றமாகிப் போய்விட்டா. அவ செய்ததற்கு மருந்து வேண்டியிருக்கவில்லை, பணமும் வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடம் வேண்டியிருந்தது.

"அவரவர் இஷ்டம்" என்று சொல்லிக் கைகழுவச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். அந்தச் சொல்லைச் சிகரெட் விற்பவர்களும் பாவிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நிக்கொட்டின் உள்ளே போய்ச் சில விநாடிகளில் மூளையைத் தொடும் பொருள். அதற்கு அடிமைப்பட்டவனின் இஷ்டத்தில் பாதி அவனுடையது இல்லை. காலையில் பல் தீட்டுமுன் பீடி தேடிய எனக்கு இது படித்தறியவேண்டிய விடயமில்லை. அதனாலேயே மிச்சமிருக்கும் மற்றப் பாதியைக் கவனமாகப் பிடித்துத் தூக்கிவிடவேண்டும் என்கிறேன், சபையில் வைத்து மிதிக்காமல். வீட்டுக்குள்ளே புகைப்பதையும் என் உரிமை என்று நான் சொல்லமாட்டேன். மனைவியின் நெஞ்சும் பிள்ளையின் நெஞ்சும் என் இஷ்டத்துக்குள் அடங்காது.

ஆனால் கடைகளிடம் நீங்கள் இவ்வளவு மென்மையாக இருக்கவேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. எங்கள் சந்திக் கடையில் பாடசாலைக் காற்சட்டையோடு வரும் பொடியனுக்குச் சிகரெட் ஒன்று, பீடி இரண்டு என்று தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். "அப்பாவுக்கு" என்றால் போதும். பெட்டியின் 80 வீதத்தில் இருக்கும் படத்தை அந்தப் பொடியன் காண்பதே இல்லை, ஏனென்றால் பெட்டி கடைக்காரரின் மேசைக்குள் இருக்கிறது. நானும் 29 வருடத்தில் முழுப் பெட்டி வாங்கியது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். கூலிக்காரன் ஒன்றொன்றாகத்தான் வாங்குவான். சுருட்டுக் கட்டில் நான் ஒருநாளும் படம் பார்த்ததில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி உங்கள் கூட்டத்தில் ஒரு வசனமும் வரவில்லை. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய், அதற்குப் புகையிலை போடுவது பெரிய காரணம் என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லவேண்டும். 71 வயதுக்காரரை மேடைக்குக் கூப்பிட்ட குரல் அந்தக் கடை வாசலில் ஏன் கேட்கவில்லை?

நான் கேட்பவை இவை.

அந்த 34 பேரின் பட்டியலை எந்த உதவித் திட்டத்தோடும், எந்தச் சிபாரிசோடும் சேர்க்கமாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். அது கூட்டம் நடந்த அதே மண்டபத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படவேண்டும். பட்டியலின் பிரதிகள் யாரிடம் இருக்கின்றன என்று கமக்காரர் அமைப்புக்கு அறிவித்து, அவற்றை அழித்துவிடுங்கள். புள்ளிவிபரத்துக்கு எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம்.

சத்தியக் கையெழுத்துக் கூட்டங்களை வன்னியில் எங்கும் இனி நடத்தாதீர்கள். மே மாதத்தில் சனத்தைக் கூட்டும் எந்த நிகழ்ச்சிக்கும் முதல் ஊர்ச் சங்கங்களோடு இருந்து கதையுங்கள்.

எங்கள் பிரதேச வைத்தியசாலையின் கிளினிக் நாளில், கதவு சாத்திய ஓர் அறையில், புகைப்பவரோடு தனியாகப் பத்து நிமிடம் பேசப் பயிற்சி பெற்ற ஒரு தாதியையோ உத்தியோகத்தரையோ தாருங்கள். கேட்டுப் பேசும் அந்த முறையில் கள உத்தியோகத்தர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கியவர் வெட்கப்படாமல் வரக்கூடிய இடமாக அது இருக்கவேண்டும். நிக்கொட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டியும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. நான் விட முயன்றபோது எங்கள் பக்கத்தில் கேட்ட இடமெல்லாம் இல்லை என்றார்கள். கூலிக்காரனுக்குக் கட்டுப்படியாகும் வகையில் அவை இங்கே கிடைக்க வழிசெய்யுங்கள்.

புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைச் சந்திக் கடைகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் பெரிதாக எழுதிவையுங்கள். எங்கள் பேச்சுத் தமிழ் புரிந்த ஒருவர் மறுமுனையில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். எச்சரிக்கைப் பலகைகளில் "புகைக்காதே" என்று எழுதுவதை நிறுத்தி, விட நினைத்தால் எந்த நாள், எங்கே, யாரிடம் வரலாம் என்று எழுதுங்கள். விட்டு ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதையும் எழுதுங்கள். 60 தாண்டியவர்கள் "இனி விட்டு என்ன" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கும் கடைகளில் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள். எத்தனை கடைகளைச் சோதித்தீர்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அன்று ஒலிவாங்கியில் பேசியவர் பெரியப்பாவின் வீட்டுக்கு வரவேண்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அவர் படலையடியில்தான் இருப்பார். நான் கூட வருகிறேன். கோப்பும் பேனையும் கொண்டுவரவேண்டாம்.

இப்படிக்கு,
கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர்,
ஒட்டுசுட்டான் பிரதேசம், முல்லைத்தீவு மாவட்டம்